மூன்று கம்பியில் தலையாட்டும் கேமரா

ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவர்களிடம் ஒரு கேமரா கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கும். சோனி இவிஐ-டி70பி அல்லது அதன் உறவுக்காரக் கேமரா ஒன்று. வீடியோ கான்ஃபரன்ஸ் அறைகளுக்காகச் செய்யப்பட்டது. கழுத்து இடமும் வலமும் 170 டிகிரி திரும்பும், மேலே 90 டிகிரி அண்ணாந்து பார்க்கும், 18 மடங்கு ஜூம் உண்டு. அலுவலகங்கள் புதிய கருவிகளுக்கு மாறும்போது இவை பழைய சாமான் கடைக்கு வருகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் ஐ.பி. கேமராவுக்கு மாறும்போது கழற்றிப்போடும் டோம் கேமராக்களும் இப்படித்தான் வெளியே வரும். இரண்டிலும் ஒரே குறைதான். கேமரா வரும், அடாப்டர் சில நேரம் வரும், கட்டுப்படுத்தும் கேபிள் மட்டும் வராது.

அந்தக் கேபிளை நாமே செய்துகொள்ள முடியும். சோனி கேமராவுக்குத் தேவைப்படுவது மூன்று கம்பிதான்: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, கிரவுண்ட் ஒன்று. வேலை எளிதாக இருந்தும் பலர் பாதியில் கைவிடக் காரணம், மொத்தத்தையும் கட்டி முடித்து, கேமராவைச் சுவரில் மாட்டி, அதன்பிறகு முதல்முறையாகச் சோதிப்பதுதான். அப்போது தவறு கேபிளிலா, கம்ப்யூட்டரிலா, கேமராவிலா என்று ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு யோசிக்க வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாகச் சோதித்துவிட்டு அடுத்ததைத் தொடும் வரிசையில் இந்த அத்தியாயம் போகிறது.

சாமான் வாங்குவது

சோனி கேமராவின் முதுகில் கட்டுப்படுத்தும் கேபிளுக்காக இருக்கும் விஸ்கா துளை, 8 பின் மினி டின் வகை. ஊத்துக்கோட்டைக் கடைத்தெருவில் அது கிடைப்பது சந்தேகம். செங்குன்றம் வழியாகச் சென்னைக்குப் பஸ் ஏறி, அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவுக்குப் போய்விடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பல கடைகள் திறப்பதில்லை. கடைக்காரரிடம் “மினி டின், எட்டு பின், ஆண்” என்று சொல்லி, கையில் வாங்கியதும் பின்களை எண்ணிப் பாருங்கள். பழைய மவுஸ், கீபோர்டுகளில் இருந்த பிஎஸ்/2 பிளக்கும் இதே வட்டம், இதே அளவு. ஆனால் அதில் 6 பின்தான். அவசரத்தில் அதை வாங்கி வந்து, பொருந்தவில்லையே என்று அழுத்தினால் கேமராவின் துளைதான் கெடும். பிளக்கை இரண்டு மூன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றாவது சால்டரிங் சூட்டில் உருகும் என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு.

கம்ப்யூட்டர் பக்கத்துக்கு 9 பின் டி-சப், பெண் வகை, மூடியோடு. இன்றைய லேப்டாப்பில் சீரியல் துளை கிடையாது என்பதால் யுஎஸ்பி-யிலிருந்து ஆர்எஸ்-232 ஆக மாற்றும் கேபிள் ஒன்றும் வேண்டும். காசு போடத் தகுந்த சாமான் இது ஒன்றுதான். எஃப்டிடிஐ சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ப்ரோலிஃபிக் சிப்பின் போலிகள் சந்தையில் நிறைய. அவற்றை விண்டோஸின் புதிய டிரைவர் ஏற்க மறுத்து மஞ்சள் ஆச்சரியக்குறி காட்டும். நீங்கள் கேபிளைப் பிரித்துப் பிரித்துக் கட்டுவீர்கள், கோளாறு வேறிடத்தில் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. அர்டுயினோ பழகியவர்கள் வீட்டில் சின்னப் பச்சை அல்லது சிவப்புப் பலகையாக ஒரு யுஎஸ்பி-சீரியல் மாட்யூல் கிடக்கும். அதை இங்கே நேரடியாக மாட்டக் கூடாது. அது பேசுவது டிடிஎல்: 0 வோல்ட், 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட். கேமரா பேசுவது ஆர்எஸ்-232. அதில் ஓய்வு நிலை மைனஸ் வோல்ட், சிக்னல் வரும்போது பிளஸ். அளவும் வேறு, திசையும் தலைகீழ். கேமராவிலிருந்து வரும் மைனஸ் வோல்ட் மாட்யூலைக் கெடுத்துவிடும். அந்த மாட்யூலையோ ராஸ்பெர்ரி பையையோதான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால் இடையில் மேக்ஸ்3232 சிப் உள்ள சின்னப் பலகை ஒன்றைப் போடுங்கள்.

கம்பிக்கு கேட்-5 நெட்வொர்க் கேபிள் போதும். சிசிடிவி மாட்டுபவர்களிடம் மிச்சத்துண்டு கேட்டாலே கிடைக்கும். ஒற்றைக் கம்பி உள்ள ரகம் சுவரோடு ஓடுவதற்கு நல்லது, ஆனால் பிளக் அருகே நாலு முறை வளைத்தால் உடையும். கேபிளை அடிக்கடி சுருட்டி எடுத்துப்போகிறவர்கள் பல இழை உள்ள ரகமாகக் கேட்டு வாங்குங்கள். இவை தவிர 25 வாட் சால்டரிங் அயர்ன், நல்ல ஈயம், பேஸ்ட், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், மல்டிமீட்டர்.

எந்தக் கம்பி எங்கே

கேமராவின் விஸ்கா இன் துளையில் 3-ஆம் பின் கேமரா அனுப்புவது, 5-ஆம் பின் கேமரா வாங்குவது, 4-உம் 6-உம் கிரவுண்ட். கம்ப்யூட்டர் பக்கத்து 9 பின்னில் 2 வாங்குவது, 3 அனுப்புவது, 5 கிரவுண்ட். ஒருவர் அனுப்புவது மற்றவர் வாங்கும் இடத்துக்குப் போக வேண்டும். ஆகவே கேமராவின் 3 கம்ப்யூட்டரின் 2-க்கு, கேமராவின் 5 கம்ப்யூட்டரின் 3-க்கு, கேமராவின் 4 கம்ப்யூட்டரின் 5-க்கு. கேமராவின் 1, 2 பின்கள் ‘நான் தயார்’ என்று சொல்வதற்கான டிடிஆர், டிஎஸ்ஆர். முறைப்படி செய்தால் 1 எதிர்ப்பக்கத்து 6-க்கும், 2 எதிர்ப்பக்கத்து 4-க்கும் போகும். நம் வேலைக்கு அவை இல்லாமலே ஓடும்.

கேட்-5-ல் நிறம் தேர்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் ஒரே முறுக்கு ஜோடியில் விடாதீர்கள், ஒன்றின் சத்தம் மற்றதில் ஏறும். பச்சையில் அனுப்பு, பச்சை-வெள்ளையைக் கிரவுண்டாக்கு. ஆரஞ்சில் வாங்கு, ஆரஞ்சு-வெள்ளையையும் கிரவுண்டாக்கு. இரண்டு வெள்ளைக் கோடு கம்பிகளையும் இரு முனையிலும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

பின் எண்ணைப் படத்தில் பார்த்துச் சால்டர் செய்யும்போதுதான் பெரும்பாலான தவறு நடக்கிறது. பிளக்கின் முகத்தைப் பார்த்தால் ஒரு வரிசை, ஈயம் வைக்கும் முதுகைப் பார்த்தால் கண்ணாடியில் பார்த்தது போல இடவலம் மாறிய வரிசை. படம் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லையென்றால் அந்தப் படத்தை நம்பாமல் மல்டிமீட்டரை நம்புங்கள்.

மீட்டர் சொல்வது இதுதான். ஆர்எஸ்-232-ல் அனுப்பும் பின் சும்மா இருக்கும்போதும் மைனஸ் வோல்ட்டில் இருக்கும், பெரும்பாலும் 5-க்கும் 10-க்கும் இடையில். வாங்கும் பின் ஏறக்குறைய 0-வில் இருக்கும். கேமராவுக்கு மின்சாரம் கொடுத்து, கேபிள் எதுவும் மாட்டாமல், மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்ட் பின்னிலும் சிவப்பு முனையை மற்றதிலும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். முனை தடிமனாக இருந்தால் ஒரு குண்டூசியைப் பிடித்துக்கொள்ளலாம், பக்கத்துப் பின்னோடு ஷார்ட் ஆகாமல். 3-ஆம் பின் என்று நீங்கள் நினைத்த இடத்தில் மைனஸ் காட்டினால் எண்ணியது சரி. டிடிஆர் பின்னிலும் வோல்ட் தெரியக்கூடும் என்பதால் அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கம்ப்யூட்டர் பக்கத்திலும் இதே சோதனை: 3-ஆம் பின் மைனஸ் காட்ட வேண்டும். இந்த இரண்டு மைனஸும் ஒரே கம்பியில் சந்திக்கக் கூடாது. இந்த ஒரு விதி மனதில் இருந்தால், பின் எண் எதுவும் ஞாபகம் இல்லாமலே எந்த சீரியல் கேபிளையும் கட்டிவிடலாம்.

கம்பி மாறினால் கேமரா கருகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அனுப்பும் பின் கிரவுண்டோடு ஷார்ட் ஆனாலும் தாங்க வேண்டும் என்பது ஆர்எஸ்-232 தரத்திலேயே உள்ள விதி. கருக வைப்பது 12 வோல்ட் பவர் கம்பிதான். அதை இந்தக் கேபிளோடு சேர்த்துக் கட்டும் ஆசையை விட்டுவிடுங்கள்.

ஈயம் வைக்கும் வரிசை

முதலில் கம்ப்யூட்டர் பக்கத்து 9 பின்னை மட்டும் சால்டர் செய்யுங்கள். கேமரா பக்கம் இப்போதைக்கு வெறும் கம்பியாக இருக்கட்டும். யுஎஸ்பி கேபிளைக் கம்ப்யூட்டரில் மாட்டி, ரியல்டெர்ம் மாதிரி ஒரு டெர்மினல் மென்பொருளைத் திறந்து, வேகம் 9600, 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை என்று வையுங்கள். மறுமுனையில் பச்சையையும் ஆரஞ்சையும் முறுக்கிச் சேருங்கள். இப்போது ஏதாவது எழுத்தைத் தட்டினால் அது போய்த் திரும்பி வந்து திரையில் தெரிய வேண்டும். முறுக்கைப் பிரித்தால் நின்றுவிட வேண்டும். பிரித்த பிறகும் எழுத்து தெரிகிறது என்றால் மென்பொருளில் ‘எக்கோ’ போட்டிருக்கிறது, அதை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். இந்தச் சோதனை தேறினால் டிரைவர், சிப், 9 பின், அனுப்பும் வாங்கும் கம்பிகளின் முழு நீளம் எல்லாம் சரி என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இனி எது தவறினாலும் அது பெரும்பாலும் கடைசி 2 சென்டிமீட்டரில்தான்.

அந்த 2 சென்டிமீட்டர்தான் பொறுமையைச் சோதிக்கும். மினி டின் பிளக்கின் பின்கள் மெல்லிய பிளாஸ்டிக்கில் நிற்கின்றன. சூடு கொஞ்சம் கூடினால் பிளாஸ்டிக் இளகிப் பின் சாய்ந்துவிடும், அப்புறம் துளையில் ஏறாது. பழைய பெண் சாக்கெட் ஒன்று கிடைத்தால் பிளக்கை அதில் செருகிவைத்து ஈயம் வையுங்கள். பின்கள் நேராக நிற்கும், சூட்டையும் சாக்கெட் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கேமராவின் துளையையே இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கம்பி நுனியில் 2 மில்லிமீட்டர் மட்டும் தோலுரித்து, முன்கூட்டியே ஈயம் பூசி, பின்னிலும் ஒரு பொட்டு பூசி, இரண்டையும் சேர்த்து ஒரு தொடு தொட்டால் போதும். இரண்டு விநாடிக்கு மேல் அயர்ன் அங்கே நிற்க வேண்டாம். முதலில் நடுவிலுள்ள பின்கள், பிறகு ஓரம். மூடியையும் ஸ்லீவையும் சால்டர் செய்வதற்கு முன்பே கம்பியில் கோத்துவிட வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் மறக்கிறார்கள்.

முடிந்ததும் மீட்டரை பீப்பில் வைத்து, ஒவ்வொரு கம்பியும் முனைக்கு முனை சத்தம் கொடுக்கிறதா, பக்கத்துப் பின்னோடு கொடுக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

முதல் வார்த்தை

கேமராவின் அடிப்பாகத்தில் சின்ன சுவிட்சுகள் உள்ளன. ஆர்எஸ்-232-ஆ 422-ஆ, வேகம் 9600-ஆ 38400-ஆ என்பதை அவைதான் முடிவு செய்கின்றன. மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அவற்றை ஆர்எஸ்-232, 9600 என்று வைத்துவிடுங்கள்.

விஸ்கா என்பது சோனி வகுத்த கட்டளை மொழி. ஒவ்வொரு கட்டளையும் எஃப்எஃப் என்ற பைட்டில் முடியும். எண்கள் எல்லாம் ஹெக்ஸ் கணக்கு, டெர்மினலிலும் ஹெக்ஸாகவே அனுப்ப வேண்டும். எழுத்தாகத் தட்டினால் கேமராவுக்கு ஒன்றும் புரியாது. முதலில் 88 30 01 எஃப்எஃப். ‘வரிசையில் யார் யார் இருக்கிறீர்கள், உங்கள் எண் என்ன’ என்று கேட்பது இது. ஒரே கேமரா என்றால் 88 30 02 எஃப்எஃப் என்று பதில் வரும். அந்த நாலு பைட் திரையில் வந்துவிட்டால் கேபிள் வேலை முடிந்தது.

இனி கழுத்தைத் திருப்பலாம். 81 01 06 04 எஃப்எஃப் அனுப்பினால் நேராகப் பார்க்கும். 81 01 06 01 05 05 01 03 எஃப்எஃப் இடப்பக்கம், 01 03 இருந்த இடத்தில் 02 03 போட்டால் வலப்பக்கம், 03 01 மேலே, 03 02 கீழே. நடுவிலுள்ள இரண்டு 05-உம் வேகம், முதலாவது பக்கவாட்டுக்கு, இரண்டாவது மேல்கீழுக்கு. நிறுத்த 03 03. இந்த நிறுத்தக் கட்டளையை எப்போதும் கைவசம் வைத்திருங்கள். ‘திரும்பு’ என்று சொன்னால் ‘நில்’ என்று சொல்லும்வரை, அல்லது எல்லையில் போய் முட்டும்வரை, கேமரா திரும்பிக்கொண்டே இருக்கும். தாலி கட்டும் நேரத்தில் கேமரா மெதுவாகப் பந்தியைப் பார்க்கத் திரும்பினால் பேச்சு வாங்குவது நீங்கள்தான்.

ஒவ்வொரு கட்டளைக்கும் 90 41 எஃப்எஃப் போல ஒரு பதில் வரும், ‘கேட்டுக்கொண்டேன்’ என்று பொருள். முடித்ததும் 90 51 எஃப்எஃப். 90 60 02 எஃப்எஃப் வந்தால் கட்டளையைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். 61-உம் 41-உம் சேர்ந்து வந்தால் கட்டளை சரி, இந்த நிலையில் அதைச் செய்ய முடியாது என்று பொருள். பதிலே இல்லையென்றால் அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் மாற்றிப் பாருங்கள். குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் ஒத்துப்போகவில்லை.

தினசரி வேலைக்கு இப்படி எண் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நேரலைக்கு ஓபிஎஸ் பயன்படுத்துகிறவர்கள் அதற்கான பி.டி.இசட் பிளகினைச் சேர்த்துக்கொண்டால் சீரியல் விஸ்காவும், டோம் கேமராக்களின் கட்டளை மொழியான பெல்கோவும் அதிலேயே வரும், மவுஸால் திருப்பலாம். பைத்தான் தெரிந்தவர்களுக்கு பைசீரியல் போதும்.

மண்டபத்தின் நீளம்

மேடைக்கு எதிரே கேமரா, மூலையில் மிக்ஸர் மேஜை, நடுவில் நாற்காலிகள் என்றால் சுவரோரமாகக் கம்பி சுற்றி வர 20, 25 மீட்டர் ஆகிவிடும். ஆர்எஸ்-232-க்குப் பழைய கணக்கு 15 மீட்டர். 9600 வேகத்தில் நல்ல கேட்-5 அதற்கு மேலும் ஓடும். சீரியல் கேபிள் நீண்டு தொந்தரவு தருவதைவிடப் பவர் கம்பி நீண்டு தொந்தரவு தருவதே அதிகம். கேமரா மோட்டார் ஓடும்போது சுமார் 1 ஆம்பியர் இழுக்கும். கேட்-5-ன் மெல்லிய கம்பியில் 20 மீட்டர் போய்த் திரும்பினால் 3 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். 12 வோல்ட் 9-க்கும் கீழே இறங்கினால் கேமரா அணைந்து மறுபடி உயிர் பெறும். பார்ப்பவருக்கு ‘திருப்பினால் ரீசெட் ஆகிறது, சீரியல் கோளாறு’ என்று தோன்றும். அடாப்டரைக் கேமராவின் அருகிலேயே மாட்டி, 230 வோல்ட்டை அங்கே கொண்டுபோவதுதான் வழி. அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

தொழிற்சாலை டோம் கேமராவுக்கு வேறு கேபிள். அதில் பெரும்பாலும் ஆர்எஸ்-485, பெல்கோ-டி. ஏ, பி என்று ஒரே முறுக்கு ஜோடி, 1200 மீட்டர் வரை போகும். ஒரு கம்பியில் வரும் சத்தம் மற்றதிலும் அதே அளவு வருவதால், இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் இந்த முறையில் அது கழிந்துவிடும். இண்டக்ஷன் ஃபர்னஸும் வெல்டிங்கும் ஓடும் கும்மிடிப்பூண்டி ஆலைகளில் ஆர்எஸ்-232 கம்பி தடுமாறும் இடத்தில் இது தாக்குப்பிடிக்கும். யுஎஸ்பி-ஆர்எஸ்-485 மாற்றி ஒன்று, ஜோடியின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர், கேமராக்களை மரக்கிளை மாதிரி பிரிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்ப்பது, அவ்வளவுதான். வேகம் வழக்கமாக 2400. கேமரா 1-ஐ வலப்பக்கம் திருப்ப எஃப்எஃப் 01 00 02 20 00 23. நிறுத்த எஃப்எஃப் 01 00 00 00 00 01. கடைசி எண், முதல் எஃப்எஃப்-ஐ விட்டு மற்றவற்றின் கூட்டல். அது பிசகினால் கேமரா கண்டுகொள்ளாது. இந்த டோம்கள் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை, ஆகவே மௌனத்தைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். அசையவில்லை என்றால் முதலில் ஏ, பி-யை மாற்றுங்கள், பிறகு உள்ளேயுள்ள டிப் சுவிட்சில் முகவரி எண்ணைப் பாருங்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கம்பி போகிறது என்றால், எர்த் வித்தியாசமும் ஐப்பசி மின்னலும் கருவியை எரிக்காமலிருக்க ஐசொலேட்டர் உள்ள மாற்றியாக வாங்குங்கள். ஷீல்டு இருந்தால் ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

வானம் பார்க்கும் ஆசையில் மோட்டார் வைத்த டெலஸ்கோப் மவுண்ட் வாங்கியவர்களுக்கும் இதே பாடம் உதவும். செலஸ்ட்ரான் நெக்ஸ்டார் போன்றவற்றின் பழைய கைக்கருவியும் 9600 வேகத்தில் ஆர்எஸ்-232 பேசுகிறது. பிளக் மட்டும் டெலிபோன் ஜாக் வகை. பின் எண் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் மேலே சொன்ன மைனஸ் வோல்ட் சோதனையைச் செய்யாமல் அதில் ஈயம் வைக்காதீர்கள்.

இவ்வளவு பாடு இந்தக் கேமராவுக்குத் தகுமா என்றால், ஏற்கெனவே கையில் இருந்தால் தகும். அது கொடுப்பது பழைய பால் (PAL) வீடியோ, எச்டி கிடையாது. எல்இடி திரையில் பெரிதாகப் போட்டால் மங்கல் தெரியும். யூடியூப் நேரலையில் மேடை முழுவதையும் காட்டும் இரண்டாவது கோணமாகக் குறை தெரியாமல் ஓடும். இதற்காகவே புதிதாகக் காசு கொடுத்து அனலாக் கேமரா வாங்குவது வீண். அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து நெட்வொர்க் கேபிளிலேயே விஸ்கா பேசும் ஐ.பி. கேமராவாகப் பாருங்கள்.

கேபிள் முடிந்ததும் எந்த நிறம் எந்தப் பின், வேகம் எவ்வளவு, எந்தக் கேமராவுக்கு என்று ஒரு சீட்டில் எழுதி, இரு முனையிலும் கண்ணாடி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு ஏணியில் ஏறப்போவது உங்கள் உதவியாளராக இருக்கலாம், அவரிடம் இந்த நூல் இருக்காது.